யார் பேரில் இருக்கிறது? சிறுவாடு சேர்க்கும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கச்சிகளே,

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர் வங்கிக் கிளையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, 2021-இல் ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் கவுன்டர். உங்களில் பலருடைய முகத்தைவிட உங்கள் வளையலும் ஆரமும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். எந்த அட்டிகையில் எத்தனை கல் விழுந்திருக்கிறது, எந்தத் தோட்டில் திருகு மாற்றியிருக்கிறது என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்னார்கள். மறுநாள் வங்கி விடுமுறை. பத்தாம் தேதி காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தெரு முனைவரை வரிசை. முதல் இரண்டு நாள் ஆண்கள்தான் அதிகம். மூன்றாவது நாளிலிருந்து நீங்கள் வர ஆரம்பித்தீர்கள், தனித்தனியாக, பெரும்பாலும் மத்தியானம், வீட்டில் சாப்பாட்டு வேலை முடிந்த பிறகு. நோட்டைக் கையில் வாங்கும்போதே அது எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். சிலது அரிசி மாவு படிந்து வழவழவென்று இருக்கும். சிலது கற்பூர வாசனை. மடித்த மடிப்பிலேயே வருஷக்கணக்காக இருந்து, பிரித்தால் கிழிந்துவிடுமோ என்று பயப்படவைத்த நோட்டுகளும் உண்டு.

ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், பழைய வேட்டித் துணியில் முடிந்து 43,500 ரூபாய் கொண்டுவந்தார். மிளகும் பெருங்காயமும் கலந்த வாசனை. "பத்தொம்பது வருஷம்மா" என்றார். ஒரு ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றிக் கொடுக்கலாம், மீதியைக் கணக்கில்தான் போட வேண்டும். "எந்தக் கணக்குல போடட்டும்?" என்று கேட்டேன். "எம் பேர்ல ஒண்ணும் கெடையாதே. கேஸ் பணம்கூட அவங்க கணக்குக்குத்தான் வருது." சரி, அதிலேயே போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சுடுமே?"

போட்டுவிட்டுத்தான் போனார், வேறு வழியில்லை. புதுக் கணக்கு தொடங்கித் தரும் நிலையில் அந்த வாரம் நாங்களும் இல்லை. தை மாசம் வேறு வேலையாக வந்தவரிடம் விசாரித்தேன். "டிராக்டர் தவணைக்கு எடுத்துட்டாங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பேர் விஷயத்தில் இன்னொரு ஞாபகம். அந்தக் காலத்துப் பெண்கள் கவுன்டரில் வந்து நின்று, "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். "முருகனுக்கு அண்ணன்" என்பார்கள். கணேசன் என்று நாங்கள் எழுதிக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர் சொல்லுவார், இல்லை பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது, ரொம்ப நாள். அப்புறம் ஒரு நாள் உறைத்தது: வாயால் சொல்லக் கூசுகிற அந்தப் பேரில்தான் வீடு, நிலம், டெபாசிட், இன்ஷூரன்ஸ், ரேஷன் கார்டு எல்லாமே இருந்தன.

நான் சொல்ல வந்தது இதுதான். முதலீடு என்று யாராவது பேச ஆரம்பித்தால், பெண்களுக்கு நகைப் பைத்தியம், சீட்டுப் பைத்தியம், உலகம் தெரியாது என்று ஒரு சிரிப்பு வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நகை, சீட்டு, அஞ்சறைப்பெட்டி மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மூன்றுக்கும் பேர் தேவையில்லை, கையெழுத்து தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காகிதத்தில் பேர் எழுத விடாத வீட்டில் பிறந்தவர்கள், பேரே வேண்டாத இடமாகப் பார்த்துச் சேர்த்தார்கள். அது விவரம் தெரிந்தவர்கள் செய்த காரியம். ஆனால் காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் நின்றால், அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை நான் தினமும் ரசீதில் எழுதிக் கொடுத்தவள்.

நகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிகள் காலத்தில் நிலம் ஆண்பிள்ளைக்கு, நகை பெண்பிள்ளைக்கு. நிலம் ஊரைவிட்டு வராது, நகை கூடவே வரும். புருஷன் செத்தாலும் சண்டை போட்டாலும் கழுத்தில் இருப்பது கழுத்தில் இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பலித்தது?

என் கவுன்டருக்கு எதிரே ஒரு மர பெஞ்சு உண்டு. நகைக்குச் சொந்தக்காரி அதில் உட்கார்ந்திருப்பார். கவுன்டரில் நிற்பவர் அவர் வீட்டுக்காரர். அப்ரைசர் வளையலை உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டுப் பார்த்து, அரக்குக்கும் கல்லுக்கும் எடை கழித்து, ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டுவார். நான் கடன் தொகையைச் சொல்வேன். விண்ணப்பத்தில் "இந்த நகைகள் எனக்குச் சொந்தமானவை" என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். பெஞ்சில் இருப்பவர் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொள்வார். தாலிக்கொடியே வந்திருக்கிறது என்றால், கழுத்தில் ஏற்கெனவே புது மஞ்சள் கயிறு ஏறியிருக்கும், வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை மஞ்சள் கயிறு பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்த ஒரு வரியைப் பற்றி நான் யாரிடமும் கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் வியாபாரம் நடக்காது. அது என் தப்புதான்.

ஒரு ஆரம் எனக்குத் தெரிந்து பதினோரு வருஷம் எங்கள் லாக்கரிலேயே கிடந்தது. ஒரு லட்சம் ரூபாய்க் கடன், ஒன்பது சதவீத வட்டி. வருஷா வருஷம் 9,000 கட்டி மறுபடி அடகு மாற்றி வைப்பார்கள். பதினோரு வருஷத்தில் 99,000 வட்டி. அசல் அப்படியே நின்றது. அந்த ஆரத்தை அந்த அம்மா கழுத்தில் போட்டது, எனக்குத் தெரிந்து, கல்யாணத்தன்று ஒருமுறை, வளைகாப்புக்கு ஒருமுறை. இன்னும் எத்தனையோ நகை அந்த வட்டியும் கட்ட முடியாமல் மூழ்கிப்போய், ஏல அறிவிப்பாகப் பேப்பரில் வந்தது.

தங்கம் ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2012 கடைசியில் பவுன் 24,000 ரூபாய்ப் பக்கம் விற்றது. ஆறு வருஷம் கழித்து 2018-லும் ஏறக்குறைய அதே விலைதான். அந்த ஆறு வருஷம் தங்கத்தைக் கிண்டலடித்தவர்கள் நிறைய. 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியபோது அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆகவே உலோகத்தில் குறை இல்லை. நாம் வாங்குகிற உருவத்தில்தான் குறை. பத்துப் பவுன் ஆரத்துக்குப் பதினைந்து சதவீதம் சேதாரம் என்றால், கடைப்படி இறங்குவதற்குள் ஒன்றரைப் பவுன் காசு போயிற்று. அதன்மேல் செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கப் போனால் பழைய நகை என்று இன்னொரு கழிவு. நகை வாங்கினால் அழகுக்காக வாங்குங்கள், நானும் வாங்குவேன். அதைச் சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு வாங்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

இதே தங்கத்தை அரசு காகிதத்தில் கொடுத்தது. 2015 நவம்பரில் முதல் தங்கப் பத்திரம், கிராம் 2,684 ரூபாய். எட்டு வருஷம் வைத்திருந்தவர்களுக்கு 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் கையில் வந்தது. நடுவில் போட்ட பணத்துக்கு வருஷம் 2.75 சதவீதம் வட்டி வேறு. சேதாரம் இல்லை, செய்கூலி இல்லை, திருட்டுப் பயம் இல்லை. எங்கள் கிளைக்கும் இலக்கு கொடுத்தார்கள். நகை வைக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "இதை கழுத்துல போட முடியுமாம்மா?" என்று ஒரு பாட்டி கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் வாங்கியது ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள், அதில் மூன்று பேர் எங்கள் கிளை ஊழியர்கள். பாட்டி கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் வாழ்ந்த வாழ்க்கையில் காகிதம் என்பது இன்னொருவர் வைத்திருப்பது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பத்திரம் வெளியிடுவதையே அரசு நிறுத்திவிட்டது. வாய்ப்பு இருந்தபோது எடுத்துக்கொண்டவர்கள் யார், விட்டவர்கள் யார் என்று யோசித்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நகைக்கடைச் சீட்டைப் பற்றி ஒரே வார்த்தை. அது ஏன் பதினோரு மாசம் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு வருஷத்துக்கு மேல் முன்பணத்தை வைத்திருந்தால் சட்டம் அதை டெபாசிட் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஆயிரம் கட்டுப்பாடு வரும். அதற்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள். நீங்கள் கட்டுவது டெபாசிட் இல்லை என்பதற்கு அந்தப் பதினோரு மாசமே சாட்சி. கடை மூடினால் நீங்கள் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

ஏலச்சீட்டு வேறு சமாச்சாரம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நானே கட்டியிருக்கிறேன், இப்போதும் ஒன்று ஓடுகிறது. இருபது பேர், மாசம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் சீட்டை நடத்துகிறவர் எடுத்துக்கொள்வார். ஜூன் மாசம் வந்தால் பள்ளிக்கூடப் பீஸ் கட்ட வேண்டிய யாராவது 28,000 தள்ளி 72,000-க்குக் கேட்பார். தள்ளின 28,000-இல் நடத்துகிறவர் கமிஷன் 5,000 போக மீதி 23,000-ஐ இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,150 கசர். அந்த மாசம் நீங்கள் கட்ட வேண்டியது 3,850 மட்டும். அவசரக்காரர் பொறுமைக்காரருக்குக் கொடுக்கும் வட்டி அது. கடைசிவரை காத்திருந்தவருக்கு நல்ல லாபம், நடத்துகிறவர் ஓடாமல் இருந்தால்.

ஆனால் நீங்கள் லாபத்துக்காகச் சீட்டுக் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை எங்கள் தெருவில் சீட்டுக் கட்டும் ஒரு தங்கச்சியிடம், "இதையே தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடேன், நூறு ரூபாயிலிருந்து கட்டலாம், பயம் இல்லை" என்றேன். அவள் சொன்ன பதிலை இன்றுவரை எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. "அக்கா, ஆர்.டி. கட்டணும்னு காசு கேட்டா, இந்த மாசம் விடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்லுவாரு. சீட்டுன்னு சொன்னா அப்படிச் சொல்ல முடியாது. அடுத்தவங்க காசு. மானம் போயிடும்ல?"

புரிகிறதா? தனக்காகச் சேமிக்கிறேன் என்று சொல்லும் உரிமை அவளுக்கு வீட்டில் இல்லை. அடுத்தவருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று சொன்னால்தான் காசு கிடைக்கும். ஆகவே சேமிப்பைக் கடன் மாதிரி வேஷம் போட்டு வைத்திருக்கிறாள். வங்கிக்காரர்களும் மியூச்சுவல் ஃபண்ட்காரர்களும் எத்தனை விளம்பரம் போட்டாலும் சீட்டு ஏன் சாகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் எஸ்.ஐ.பி.யும் மாசா மாசம்தான் போகிறது. ஆனால் அதை நிறுத்தினால் தெருவில் யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

அதே மானம்தான் நம்மை மாட்டியும் வைக்கிறது. நடத்துகிறவர் சொந்தக்காரி, கோயிலில் பார்ப்பவர், பிள்ளையின் ட்யூஷன் டீச்சர். பதிவு செய்த சீட்டா என்று கேட்டால் முகம் சுளிப்பார் என்று கேட்பதில்லை. 1982-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதிவு செய்த சீட்டில் நடத்துகிறவர் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு, முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7. பிணையாக அவர் பணம் கட்டியிருக்க வேண்டும், தகராறு என்றால் பதிவாளரிடம் போகலாம். நம் தெருச் சீட்டில் இருப்பது ஒரு அறுபது பக்க நோட்டு, அதுவும் அவர் வீட்டில். தீபாவளிச் சீட்டு கட்டி, பட்டாசுப் பெட்டிக்கும் வெள்ளிக் காசுக்கும் ஆசைப்பட்டு ஏமாந்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற பெண்களில் பலரிடம் ஒரு ரசீதுகூட இல்லை. இருந்த ரசீதிலும் சிலருக்கு வீட்டுக்காரர் பேர்.

எங்களுக்குப் பக்கத்தில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச் சோறு போட்டு, பழைய மொய் திரும்ப வாங்கி, புது மொய் எழுதி, ஒரே நாளில் லட்சக்கணக்கில் திரட்டிவிடுவார்கள். ஒரு போர்வெல்லோ, பெண்ணின் கல்யாணமோ, வட்டியில்லாமல் நடக்கும். வங்கியில் வேலை பார்த்த எனக்கே பொறாமை வரும் ஏற்பாடு. பந்தலில் மொய் எழுதுகிற இடத்தில் போய் நின்று பாருங்கள். ஊர் பேர், ஆள் பேர், தொகை. ஆடு விற்ற காசு, பால் காசு, நடவுக்குப் போன கூலி என்று பாதிக்குப் பாதி பெண்கள் சம்பாத்தியம் அங்கே போகிறது. நோட்டில் ஏறுவது பெரும்பாலும் ஆம்பளை பேர்தான். பத்து வருஷம் கழித்து அது திரும்பி வருவதும் அந்தப் பேருக்குத்தான்.

இனி என் கதை ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. நான் 1987-இல் கல்யாணம் ஆனவள், விடுபட்டுவிட்டேன். 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வந்தது, அதில் நானும் வந்தேன். 2006-இல் அப்பா காலமானார். கருமாதி முடிந்த மறுவாரம் தம்பிகள் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டே, "அக்கா, ஒரு கையெழுத்து இருக்கு" என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். என் பாகம் ஆறு மா நஞ்சை. வங்கி அதிகாரி நான், சட்டம் தெரியும், பத்திரத்தைப் படித்தும் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். அம்மா அன்று எனக்கு ஐந்து பவுனில் ஒரு சங்கிலியும் பட்டுப் புடவையும் கொடுத்தார். அப்போது பவுன் ஏழாயிரத்துக்குப் பக்கம்.

ஏன் போட்டேன்? தம்பிகள் நல்லவர்கள், இன்றும் பொங்கலுக்குச் சீர் வருகிறது. பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடக் கூடாது என்ற பயம். யாரும் என்னை மிரட்டவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றுகூட நினைக்கிறேன். கேட்பதுதான் வாயில் வரவில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் எடுக்கும் மிகப் பெரிய முதலீட்டு முடிவு பல வீடுகளில் அந்தப் பத்திர ஆபீஸ் மேசையில்தான் நடக்கிறது, பத்து நிமிஷத்தில். அதை யாரும் முதலீடு என்று சொல்வதில்லை, பாசம் என்கிறார்கள். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: அந்த உரிமை மகளுக்குப் பிறப்பிலேயே வருகிறது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. சட்டத்துக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. நமக்குத்தான் தொண்டையில் அடைக்கிறது.

பங்குச் சந்தையா? அது சூதாட்டம், தருமர் கதை தெரியாதா என்பீர்கள். நான் 1994-இல் ஒரு தேக்கு மரத் திட்டத்தில் பணம் போட்டவள். மரம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய், இருபது வருஷத்தில் லட்சம் என்றார்கள். பத்திரத்தில் என் மரத்தின் நம்பர்கூட அச்சடித்திருந்தது. அந்த மரம் முளைத்ததா என்றே எனக்குத் தெரியாது. ஈமு கோழி வந்தபோது கொங்கு நாட்டில் எத்தனை குடும்பம் போனது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தேக்கும் ஈமுவும் சந்தை இல்லை, அவற்றைச் சந்தையைப் போல யாரும் கண்காணிக்கவில்லை. ஆனாலும் நாம் நம்பினோம், ஏனென்றால் மரமும் கோழியும் கண்ணுக்குத் தெரிகிற சாமான், சொன்னவர் தெரிந்தவர். கண்ணுக்குத் தெரியாததால் பங்கைக் கண்டு பயந்தோம். கண்ணுக்குத் தெரிவதாக நினைத்ததில்தான் மோசம் போனோம்.

இப்போது உங்கள் பிள்ளைகள் அந்தப் பயமே இல்லாமல் இருக்கிறார்கள். அதிலும் எனக்குக் கவலைதான். வேலையில் கடைசி இரண்டு வருஷம், கொரோனா சமயத்தில், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசுப் பையன்கள் அம்மா வளையலோடு வந்தார்கள். விவசாயச் செலவு என்று எழுதுவார்கள். பணம் கணக்கில் ஏறிய நிமிஷமே போனில் எங்கோ போய்விடும். ஆப்ஷன் என்றான் ஒருவன், காலையில் போட்டு மத்தியானம் எடுத்துவிடலாமாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு இது: மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷன் உள்ளிட்ட எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் எத்தனை வளையல் என்று செபி எண்ணவில்லை. உங்கள் பையன் நகை கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். அவன் சொல்வது புரியவில்லை என்றால் கொடுக்காதீர்கள். "உனக்குப் புரியாதும்மா" என்பதற்கு, "அதனாலதான் தரல" என்பது போதுமான பதில்.

மாசம் ஐந்நூறு, ஆயிரம் என்று, சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் பதினைந்து வருஷம் விட்டு வைப்பது இதற்கு நேர் எதிர். அதில் ஏற்ற இறக்கம் உண்டு, பார்த்துக்கொண்டே இருந்தால் வயிறு கலங்கும், பார்க்காமல் இருக்க நம் அஞ்சறைப்பெட்டிப் பொறுமை போதும். பத்தொன்பது வருஷம் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் வைத்திருந்த அம்மாவைவிட நீண்டகால முதலீட்டாளரை நான் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த குறை ஒன்றுதான், அந்தப் பணத்துக்கு அவர் பேர் இல்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் ஊர் ஊராகப் பரவி, ஊக்குநர், பிரதிநிதி என்று இரண்டு பெண்கள் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தன. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் பேர் எழுதப் பழகி, என் கவுன்டரில் நிறுத்தி நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போடுவார்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். நான் அவசரப்படுத்தியதே இல்லை. 2023 செப்டம்பர் 15-லிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், முதல் தவணையில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு, அவரவர் கணக்கிலேயே ஏறத் தொடங்கியது. ஆகவே 2016-இல் "எம் பேர்ல ஒண்ணும் கெடையாதே" என்ற அம்மாவுக்கும் இன்று அநேகமாக ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. மனை வாங்கப் போகிற வீட்டுக்காரரிடம் நியாயம் பேச வேண்டாம், இந்த ஒரு சதவீதத்தைச் சொல்லுங்கள். காதில் ஏறும்.

கடைசியாக ஒன்று, சொல்ல வாய் கூசுகிற விஷயம். நம் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசக் கூடாது, விளக்கு வைத்த நேரத்தில் பணத்தைப் பற்றியும் பேசக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நாமினி. கணவர் போய் ஒரு மாசத்தில் ஒரு மஞ்சள் பையில் காகிதங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, "இதுல எது காசு, எது குப்பைன்னு பாத்துச் சொல்லும்மா" என்று என் மேசையில் கொட்டிய பெண்கள் உண்டு. காலாவதியான பாலிசி, வட்டி வாங்காத டெபாசிட் ரசீது, பேரே கேள்விப்படாத நிதி நிறுவனத்தின் பத்திரம், வேறு யாரோ நாமினியாக இருக்கும் கணக்கு. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போன டெபாசிட் தொகை 2024 மார்ச் கணக்குப்படி 78,213 கோடி ரூபாய். அதைத் தேடிப் பார்க்க 'உத்கம்' என்று ஒரு இணையதளமும் 2023-இல் தொடங்கினார்கள். தேட வேண்டியது இன்னார் பேரில் என்று தெரிந்தால்தானே தேடுவது.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை, வீட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பீரோவைத் திறங்கள். பட்டா, பத்திரம், பாஸ் புத்தகம், டெபாசிட் ரசீது, பாலிசி, அடகுச் சீட்டு, நகை வாங்கின பில், சீட்டு நோட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் யார் பேர் இருக்கிறது, நாமினி யார் என்று மட்டும் பாருங்கள். சண்டை போட வேண்டாம். எண்ணுங்கள், ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

போன வாரம் நானும் எண்ணினேன். எங்கள் வீட்டில் பதினான்கு காகிதம். ஐந்தில் என் பேர். மீதி ஒன்பதில் இரண்டுக்கு நாமினி என் மாமியார், அவர் தவறி எட்டு வருஷம் ஆகிறது. மாற்ற வேண்டும், திங்கட்கிழமை போகிறேன்.

இப்படிக்கு,
கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட
உங்கள் சகோதரி